நீலம் வருகிறதா

டாக்டர் சியாலா,
இன்று உங்களுக்கு நாற்பதாம் நாள்.
மெஸ்தியாவில் பனி இன்னும் விடவில்லை.
கல் கோபுரத்தின் நிழல்
பந்தி மேசையின் விளிம்புவரை வந்து நிற்கிறது.

ஒவ்வொருவராக எழுந்து கோப்பை தூக்கிப் பேசுகிறார்கள்.
திபிலிசியிலிருந்து வந்த ஒருவர்
"தைராய்டு மருத்துவத்தின் தூண்" என்றார்.
நீங்கள் இருந்திருந்தால்
கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
அவர் கழுத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

என் முறை வந்தால் என்ன சொல்ல?
நான் லாரிக்காரன்.

தொண்ணூற்று நான்கு.
அரசு போனது, மின்சாரம் போனது,
செவ்வாய்தோறும் பள்ளியில் நாக்கில் வைத்த
வெள்ளை வில்லையும் போனது.
அதற்காக யாரும் அழவில்லை.
ரொட்டிக்கு அழவே நேரம் போதவில்லை.

சுக்தீதியிலிருந்து நான் உப்பு ஏற்றினேன்.
மலிவு உப்பு, மாட்டுக்குப் போடுவது.
பூண்டும் நீல வெந்தயமும் செண்டுப்பூவும்
சேர்த்து இடித்துவிட்டால்
எங்கள் ஸ்வான் உப்புக்குள் இருப்பது எந்த உப்பென்று
எவன் நாக்கு சொல்லும்?

எங்குரிப் பாலத்தில் கை நீட்டி நிறுத்தினீர்கள்.
தோளில் ஆட்டுத்தோல்.
கையில் சொட்டுப்புட்டி.
துப்பாக்கிக்காரர்களைவிட அந்தப் புட்டிக்குத்தான் பயந்தேன் என்று
பிற்பாடு கதை சொல்லிச் சிரித்ததுண்டு.
அன்று சிரிக்கவில்லை.

மூட்டையைக் கீறினீர்கள். ஒரு பிடி. ஒரு சொட்டு.
காத்திருந்தோம்.
கீழே ஆறு இரைந்தது.
உப்பு வெள்ளையாகவே இருந்தது,
பொய் சொல்லிவிட்டு
கண் சிமிட்டாமல் நிற்பவனைப் போல.

பிறகு உங்கள் கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலம்.
அதிலும் ஒரு சொட்டு.
மை கொட்டிய பிள்ளையின் விரல்போல்
நீலம் ஊறிப் பரவியது.

"உன் அக்காவை எனக்குத் தெரியும்" என்றீர்கள்.
அவ்வளவுதான்.

லமாரா.
என்னைவிட ஆறு வயது மூத்தவள்,
என் இடுப்பளவு உயரம்.
வில்லை வருவதற்கு முன் பிறந்தவள்.
நான், அம்மா அதை விழுங்கத் தொடங்கிய பின்.
வில்லைப் பெட்டியோடு முதல் ஜீப்பில் வந்திறங்கிய
இருபத்தாறு வயது டாக்டர் நீங்கள்தானாம்.
எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது
விதி இல்லை. கடுகளவு மருந்து.
அவள் என் பெயரைச் சொன்னதில்லை.
ஆனால் என் லாரி கடைசி வளைவில் திரும்பும்போது
தரையில் உள்ளங்கை வைத்து அறிந்துகொள்வாள்.

நாற்பது மூட்டை.
ஆற்றில் கொட்டினேன்.
கடனுக்கு வாங்கியது;
நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
நாலைந்து வருடம் உங்களை மன்னிக்கவும் இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உப்பைக் கொட்டவைத்தவரை?

இன்னொன்று.
மேசையில் இதை யாரும் எடுக்கமாட்டார்கள்.
புது உப்பு வந்த குளிர்காலத்தில்
தாரெஜானின் பழைய கழலை விழித்துக்கொண்டது.
நெஞ்சு குதிரையாய் ஓடியது.
மார்ச்சில் நின்றது.
ஊர் உங்களுக்குக் கதவடைத்தது.
நீங்கள் அவள் வாசலில் மூன்று நாள் பனி அள்ளினீர்கள்.
உங்கள் பேரேட்டில்
அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் இருந்ததாம்:
"வாரம் ஒருமுறை நாடி பார்த்திருக்க வேண்டும். என் அவசரம்."
அதன் பிறகும் உப்பை நிறுத்தவில்லை.
அதற்குப் பெயர் தைரியம்தானா,
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எதிர் வரிசையில் ரத்தியானி வீட்டுப் பெண்கள்
தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார்கள்.
வழவழப்பான தொண்டைகள்.
அங்கே எதுவும் இல்லை என்பதை
யார் கவனிப்பார்கள், உங்களைத் தவிர?

என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
கோப்பையை எடுக்கவில்லை.
உங்கள் செவிலி எனக்குத் தந்த சொட்டுப்புட்டி பையில் இருக்கிறது,
காலாவதியாகி மூன்று வருடம்.
மேசை நடுவிலிருந்த உப்புக் கிண்ணத்தை இழுத்து
ஒரு சொட்டு விட்டேன்.

பேச்சு நின்றுவிட்டது.
லமாரா நாற்காலியில் முழங்காலிட்டு
கிண்ணத்தின் மேல் குனிகிறாள்.