தலைகளைத் திருப்பி அனுப்பவும்

தபால்தலை மீது மெல்லியதாகப் பசை தடவுவோம்.
காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது.
அஞ்சலகத்துக் கருப்பு முத்திரை
பசைமேல்தான் விழும்.
வாங்கியவன் அதைப் பிய்த்துத் திருப்பி அனுப்ப,
நாங்கள் வெந்நீரில் கழுவ,
முத்திரை போய்விடும், தலை பிழைத்துக்கொள்ளும்.

ஒரே தபால்தலை
கிலிவிட்ஸேயிலிருந்து ஒன்பது முறை
பிரேசிலுக்குப் போய் வந்தது.
என் அப்பா கிராக்கோவைத் தாண்டியதில்லை.

"தலைகளை மறக்காமல் திருப்பி அனுப்பு"
என்றுதான் எல்லாக் கடிதமும் முடியும்.
எங்கள் பாட்டிலும் தலைகள் உண்டு,
அவை திரும்புவதில்லை.

உறைக்குள் கேசட்.
நகலின் நகலின் நகல்.
டிரம்ஸ் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்கும்
கிட்டார் தேனீக்கூடு போல.
அந்த இரைச்சலையும் சேர்த்தே மனப்பாடம் செய்தோம்.
பின்னால் ஒருநாள் சுத்தமான பதிவு கிடைத்தபோது
நோர்பெர்ட்டுக்குக் கோபம் வந்தது:
"யாரோ கெடுத்துவிட்டார்கள்."

குடியிருப்பின் நிலவறையில் பயிற்சி.
ஒரு பக்கம் நிலக்கரி, மறுபக்கம் எல்லார் வீட்டு உருளைக்கிழங்கும்.
கின்டர் இரண்டு காலாலும் மிதிக்க
கிழங்குகள் சாக்குக்குள் புரளும்.
நான் உறுமுவேன்.
எந்தக் கேசட்டிலிருந்தும் கற்றதல்ல அந்தக் குரல்.
இரவுச் சுரங்கம் முடிந்து காலை ஐந்து மணிக்கு
சமையலறைத் தொட்டியில் குனிந்து
அப்பா இருமுவார்.
இது எனக்குப் புரிய
அவர் சாக வேண்டியிருந்தது.

சட்டம் வைத்திருந்தோம்.
எழுதாததால் திருத்த முடியாத சட்டம்.
விற்பது பாவம், மாற்றிக்கொள்ளலாம்.
வானொலி தீட்டு.
பெயரை வேர்ப்பின்னலாக வரையவேண்டும்,
படிக்க முடிந்தவன் மட்டும் படிக்கட்டும்.
புகைப்படத்தில் சிரித்ததற்காகக்
கட்டோவிட்ஸேக் குழு ஒன்றோடு
ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை நாங்கள்.
அவர்கள் அதைக் கவனித்தார்களா தெரியாது.

தொண்ணூற்றொன்று, ஏப்ரல்.
யாரோ பார்த்துவிட்டார்கள் கின்டரை:
கல்யாண வீட்டில்,
அக்கார்டியன்காரனுக்குப் பின்னால்,
வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி முடிச்சு.

நிலவறைக்குக் கூப்பிட்டோம்.
அவன் மறுக்கவில்லை.
"இந்த இரட்டை மிதிக்கட்டை
எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?"
என்று மட்டும் கேட்டான்.
ஒரு வருடமாக அதன்மேல்தான்
எங்கள் பரிசுத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனாலும் தீர்ப்புச் சொன்னோம்.
ஊரோடு ஒத்து வாழாதே, வாழாதே என்று சொல்லி
நாங்களே ஓர் ஊராகியிருந்தோம்.
ஊர் என்றால்
ஒதுக்கி வைக்க ஒருவன் வேண்டும்.

ஜீன்ஸ் ஜாக்கெட்டின் முதுகிலிருந்த எங்கள் பெயரை
அவனே பிளேடால் இழையிழையாய் அறுத்தான்.
அவசரப்படவில்லை.
ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டு மேலே ஏறினான்.
படிக்கட்டில் அவன் முதுகில்
வெயில் படாத ஒரு சதுரம், அடர்நீலமாய்.

அடுத்த டிரம்மர் கிடைக்கவேயில்லை.

என் கல்யாணத்துக்குக் குழுவை ஏற்பாடு செய்தது
சபீனாவின் மாமா.
மண்டபத்துக்குள் நுழைந்தபோது
டிரம்ஸ் பின்னால் கின்டர் உட்கார்ந்திருந்தான்.
முடி வெட்டியிருந்தான். நானும்தான்.
தலையசைத்தான், வாடிக்கையாளருக்குப் போல.

விடியற்காலை மூன்று மணி.
பீட்ரூட் சூப் ஆறிவிட்டது.
மெதுவான ஒரு வால்ட்ஸ்.
சபீனாவின் அத்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு
ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள்.
ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்குமுன்
கின்டர் என்னைப் பார்த்தான்.

இரண்டு கால். இரண்டு கை.
நான்கே நொடி.
மேசையில் கண்ணாடிக் கோப்பைகள்
உருளைக்கிழங்கு போல நடுங்கின.
ஓர் அத்தை தடுமாறினாள்.
அக்கார்டியன்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள்
மறுபடி வால்ட்ஸ்,
ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று.

மூலை மேசையில் நோர்பெர்ட்
கோப்பையைக் கீழே வைத்தான்.

எழுந்து போயிருக்கலாம் நான்.
தொண்டையில் இருந்தது அந்தக் குரல்.
கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், போனேன்.

பரிசுகளைப் பிரித்தபோது
பெயரில்லாத ஓர் உறை.
உள்ளே ஒன்றுமில்லை.
மேலே, தேவையே இல்லாமல், ஒரு தபால்தலை.
விரலால் தடவினேன்.
வழுவழுப்பு.

சபீனா கேட்டாள், யார் அனுப்பியது?
தெரியவில்லை என்றேன்.

இருபத்தைந்து வருடமாகிறது.
இன்னும் திருப்பி அனுப்பவில்லை.