ஆறரைக்குப் பிறகு

மாங்குளத்தில் சீமெந்துக் கடையொன்றில் பில் எழுதுகிறேன்.
கடை பூட்ட ஆறரை.
அதற்குப் பிறகு ஒட்டுசுட்டான் ரோட்டில்
தனிய ஒருவரும் போவதில்லை.
சட்டம் இல்லை, பலகை இல்லை.
யானைக்கு மட்டும் தெரிந்த பாதை ஒன்று
ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது.
எந்த இடம் என்று யானை சொல்வதில்லை.

ஆகவே கடைசிக் கடைக்கு அங்கால்
முதிரை மரத்தடியில் நிற்போம்,
இன்னொரு வண்டி வரும்வரை.
வந்தவரிடம் பெயர் கேட்பதில்லை.
"போவமா?"
அவ்வளவுதான்.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
முப்பதுக்கு மேல் ஓடாமல்.

இப்படித்தான் எனக்குச் சனத்தைத் தெரியும்:
உடைந்த பின்லைட்டுக்குச் சிவப்புப் பொலித்தீன் சுற்றியது
ஒலுமடுவில் திரும்பிவிடும்.
பக்கச் சில்லு இரண்டு பூட்டிய ஹொண்டா,
கையால் கியர் மாற்றுகிறவர்,
கரிப்பட்டமுறிப்பு வரை.
கை காட்ட அவருக்குக் கை மிச்சமில்லை,
ஹோர்ன் ஒருதரம்.
ரோட்டு வேலைக்கு வந்த சிங்களப் பெடியன்
மூன்று மாதம் எங்களோடு ஓடினான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
தண்ணி, காசு, ஆனை.
மூன்றாவதை ஒருநாள்
சரியான நேரத்தில் சொன்னான்.

இதே ரோட்டால் பதினொரு வயதில் நடந்திருக்கிறேன்.
அன்று காடு கொள்ளாத சனம்,
துணைக்குக் குறைவில்லை.
அம்மா கைகாட்டியும் நிற்காத உழவு இயந்திரம் ஒன்று
இன்னும் கண்ணுக்குள் ஓடுகிறது.
பெட்டியில் இடம் இருக்கவில்லை என்பதும்
எனக்குத் தெரியும்.

மார்கழியில் கணக்கெடுப்பு.
கம்பி, ஆணி, கூரைத்தகடு என்று எண்ணி முடிய
எட்டேகால். மழை வேறு.
ஒருவரும் நிற்கமாட்டார்கள்,
கடையிலேயே படுப்பமோ என்று யோசித்தபடிதான் போனேன்.
மீன் மணம் முதலில் வந்தது.
பிறகுதான் ஆள்.
சிலாவத்தையிலிருந்து விடியப்புறம் மீன் கொண்டுவந்து
வெறும் ரெஜிபோம் பெட்டியோடு திரும்புகிறவர்.
எத்தனையோ நாள் அவர் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறேன்,
முகம் பார்த்தது அன்றுதான்.
"உங்கட ஸ்கூட்டி கடை வாசலில நிண்டது.
நீங்கள் இன்னும் போகேல்லை எண்டு விளங்கிச்சு."
எவ்வளவு நேரமாய் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.
அவர் மழையைத் திட்டினார்.

ஒழுங்கை முகப்பில் வண்டியை நிற்பாட்டி
எங்கள் படலை கிறீச்சிட்ட பிறகுதான் போனார்.
"ஆரது?" என்றா அம்மா.
தெரியாது.
"தெரியாத ஆளோ மழைக்குள்ள இவ்வளவு தூரம் வந்தது?"
ஓம்.
துவாயை எறிந்துவிட்டு உள்ளே போனா.

இன்றைக்கு ஆறே முக்கால்.
நான் போயிருக்கலாம்,
சிவப்புப் பொலித்தீன் கூப்பிட்டது.
மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன்.
மத்தியானம் கடைக்கு ஒரு பிள்ளை வந்தாள்,
ஒட்டுசுட்டானுக்குப் புதிதாய் மாறி வந்த ரீச்சர்.
தண்ணீர்க் குழாயும் இரண்டு வளையியும் வாங்கி
கிளிநொச்சிக்குப் போய்ப் பின்னேரம் வருகிறேன்,
வைத்திருங்கள் என்றாள்.
கடை பூட்ட முன் வந்து எடுத்தாள்.
பிறகு பெற்றோல் அடிக்கப் போனாள்.
ஸ்கூட்டியில் இன்னும் எல் பலகை.
யானையைப் பற்றி யாரும் சொன்னார்களோ தெரியாது.

ஏழுக்கு வருகிறாள்.
இருபதடி தள்ளி நிற்பாட்டுகிறாள்.
இறங்கவில்லை, இன்ஜினை அணைக்கவுமில்லை.
மரம், இருட்டு, ஹெல்மெட் போட்ட உருவம் ஒன்று.
பயப்படத்தான் வேண்டும்.
நானும் முதல்நாள் அப்படித்தான் நின்றேன்.

ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுக்கிறேன்.
நேர் ரோடு, திரும்ப ஓரிடமுமில்லை.
ஆனாலும் இடப்பக்கச் சிக்னலைப் போட்டுவிட்டேன்,
அது தன்பாட்டுக்கு அணைந்து அணைந்து எரிகிறது.
கண்ணாடியைப் பார்க்கிறேன்.
நிற்கிறாள்.
இன்னும் நிற்கிறாள்.
ம், லைட் அசைகிறது.