இருட்டில் இருந்த தட்டு

சென்-தெனியில் டிசம்பர் வெயில்
கடலைத் தகரமாக்கிக்கொண்டிருக்க
ஜன்னலில்லாத அறையில்
காசு கொடுத்து வாங்கிய வெயிலைத்
திறந்துவைக்கிறேன்:
செனான் விளக்கு, ஐம்பது நிமிடம்.

தட்டு இரண்டு.
ஒவ்வொன்றிலும் தொண்ணூற்றாறு குழி.
குழிக்குள், பிறக்காமலே போன ஓர் எலியின் செல்கள்;
நான் பிறப்பதற்கு முன்பிருந்தே
பிரிந்து பிரிந்து
சாக மறுப்பவை.

இரண்டு தட்டிலும் ஒரே எண்ணெய், ஒரே அளவு.
கொம்பாவாத் தோலில் பிழிந்தது.
நாரத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை அவள்,
முகமெல்லாம் பரு,
துருவினால் தெருமுனைவரை வாசம்.

ஒரு தட்டு விளக்கின் கீழே.
மற்றது கறுப்புப் பெட்டிக்குள்,
அதே ஐம்பது நிமிடம்.

சோப்புக் கம்பெனிக்காரன் அனுப்புவது
குப்பியும் ரசீதும்தான்.
இந்தக் குப்பியோடு ஒரு கோப்பும் வந்தது.

அதில் ஒரு புகைப்படம்:
மூன்று வயது முதுகு.
பழுப்பாக நாலு விரல்,
விலாவருகே கட்டைவிரல்.
பெயர் லோயிக்.
தாய் ஷந்தால் விரப்பின்,
சென்-பியேர் சந்தையில் ருகாய்ச் சட்னி விற்பவள்.
நர்சரியில் சட்டை மாற்றிய டீச்சர்
தொலைபேசியை எடுத்திருக்கிறார்.
தப்பில்லை.
நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.
பதினோரு நாளாகப் பிள்ளை
வேறொரு வீட்டில் தூங்குகிறான்.

வாக்குமூலத்தில் அவள் சொன்னது மூன்றே வரி:
அடிக்கவில்லை.
ஞாயிறு காலை கொம்பாவா துருவினேன்.
கடற்கரையில் அலை வந்தது, தூக்கினேன்.

தூக்கினேன் என்பதை மட்டும்
யாரோ அடிக்கோடிட்டிருந்தார்கள்,
சிவப்பு மையில்.

மறுநாள் நான் ஊற்றியதும் சிவப்புதான்.
உயிருள்ள செல் சாயத்தைக் குடிக்கும்.
செத்ததற்குத் தாகம் கிடையாது.

இருட்டில் இருந்த தட்டு
வரிசை வரிசையாக மாதுளை.
அங்கே அந்த எண்ணெய்
ஒரு பாவமும் அறியாது.
விளக்கடித் தட்டில்
மூன்றாம் வரிசை தொடங்கி
வெறும் தண்ணீர் நிறம்.

ஐந்தைத் தாண்டினாலே
வெளிச்சத்தில் நஞ்சு என்பது எங்கள் கணக்கு.
வந்தது இருபத்தெட்டு.
எலோதி நம்பாமல்
இன்னொரு முறை வகுத்துப் பார்த்தாள்.
இருபத்தெட்டுதான்.

அறிக்கையில் எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது.
என்ன கை, என்ன கோபம், எவ்வளவு பெரிய அலை,
இதற்கெல்லாம் கட்டமில்லை.
என் குழிகளுக்கு முதுகில்லை,
அவற்றை யாரும் தூக்கியதில்லை.
எனவே தெரிந்ததை மட்டும் எழுதினேன்:
இந்த எண்ணெய் பட்ட தோலில்
வெயிலும் பட்டால்
பட்ட வடிவிலேயே கறுக்கக்கூடும்.
'கூடும்' என்ற சொல்லை
இரண்டுமுறை அழித்தேன்.
இரண்டுமுறையும் திரும்ப வைத்தேன்.

கையுறை கழற்றி, நகக்கண் தேய்த்து,
முழங்கைவரை கழுவி முகர்ந்தால்
சோப்புக்குப் பின்னால் அவள் நிற்கிறாள்,
பருமூஞ்சிக்காரி.

நாலு மணிக்குப் பள்ளி வாசல்.
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு
ஓடிவருகிறாள் என் மகள்.
வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

நிழலுக்கு வா என்றேன்,
தூக்குவதற்கு முன்.