ஐந்து விரற்கடை

கஸ்தூரியார் வீதிக் கடையில்
முதலில் அறுபதைக் கையில் தந்தார்கள்.
பாரமில்லை. கைப்பைக்குள் அடங்கும்,
சீட்டு விழுந்த காசுக்குள்ளும்.
"இதுவும் மக்ரோதான் அக்கா,
ஒண்டுக்கு ஒண்டு."
அதாவது
எறும்பு எவ்வளவோ
அவ்வளவே உள்ளே போய் விழும்,
கூட்டாமல், குறைக்காமல்.
எங்கள் ஒழுங்கையில் எவரும் எவரைப்பற்றியும்
அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அதற்கு
எறும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஐந்து விரற்கடைதான் இடம்.
பெடியன் மேசையில் விரலை அடுக்கிக் காட்டினான்.
அந்த ஐந்துக்குள்
எனக்கு முன்னம் என் நிழல் போய்விடும்.
நிழல் போனால்
சிலந்தி போய்விடும்.

என் வேலியில் இருப்பது தத்துச் சிலந்தி.
உளுந்தின் பருமன்.
முன்னுக்கு நாலு கண், அதில் நடு இரண்டும்
லொறி விளக்கு.
கொக்குவில் தபாற்கந்தோரில் எட்டரைக்கு
நான் முத்திரை கிழிக்கத் தொடங்குமுன்,
ஆறரைக்கே கிளுவை இலையில் ஏறி
வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.
மூன்று மாதம் கைபேசியால் எடுத்தேன்.
ஒவ்வொரு படத்திலும் அது
இலையில் சிந்திய தேயிலைத்தூள்.

நூற்றியெண்பது இருக்கிறதா என்றேன்.
ஒரு சாணுக்கும் கூடத் தள்ளி நிற்கலாமாம்.
விலையைக் கல்குலேட்டரில் அடித்து
என் பக்கம் திருப்பி வைத்தான்,
வாயால் சொல்லக் கூசினவன்போல.
அந்தப் பாரத்துக்கு முக்காலி வேறு.
முக்காலி விரிக்கிற சத்தத்தில்
சிலந்தி கோண்டாவில் போய்ச் சேர்ந்திருக்கும்.

பிறகுதான் போனேன்
பற்குணம் வைத்தியரிடம்.
பல் வைத்தியர்.
பல குணம் என்று தகப்பன் வைத்த பெயர்,
ஊர் வேறுமாதிரிப் பிரித்துக்கொண்டது.
நாவலர் வீதியில், மாடியில், கிளினிக்.
விற்க வைத்திருந்தது நூறு.
பத்து வருசம் வாய்களை மட்டுமே பார்த்த லென்ஸ்.
"இப்ப வாய்க்குள்ளையே போற சின்னக் கமெரா வந்திட்டுது.
இது இவ்வளவு காலமும் பூச்சிப்பல்லுத்தான் பார்த்தது,
இனிப் பூச்சியைப் பார்க்கட்டுமன்."

கண்ணாடியில் பூஞ்சணம் இல்லை.
வளையம் திருக, நல்லெண்ணெய்போல் வழுக்கியது.
ஜன்னல் ஓரம் செத்த ஈ ஒன்று கிடந்தது,
அதை எடுத்துப் பார்த்தேன்.
செத்ததுக்குத் தூரம் ஒரு பொருட்டா?
உயிருள்ளது வேண்டும் என்றேன்.
அவர் சுற்றிவரப் பார்த்தார்.
தர்மிலா மிஸ் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தா.
கடைசியில் அவரே
நோயாளிக் கதிரையில் ஏறிச் சாய்ந்து
வாயைத் திறந்தார்.

லைற்றை இழுத்துப் பிடித்தேன்.
ஏழு விரற்கடை, எட்டு.
என் நிழல் விழவில்லை,
அவர் மூச்சு கண்ணாடியில் படவில்லை.
ஒரு கிளிக்.

கூர் விழுந்தது
ஒரு நெல்லின் தடிப்புக்கு.
அதற்கு இந்தப் பக்கம் மீசை, அந்தப் பக்கம் நாக்கு,
எல்லாம் பால் கலங்கல்.
அந்த ஒரு நெல்லுக்குள்
கடைவாய்ப்பல், அதன் நடுவே
வண்டு துளைத்த பயறுபோல
கறுப்பாய் ஒரு குழி.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
கனநேரம் பார்த்தார்.
மேலே விசிறி மட்டும் சுற்றியது.
"எனக்குத் தெரியும்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"இதை நான் ஆரிட்டைப் போய்க் காட்டுறது?"

கேட்காமலே ஐயாயிரம் குறைத்தார்.
மூடியைத் தேடித் தானே பூட்டி,
சேட்டு நுனியால் ஒருக்கால் துடைத்து,
துடைக்கத் தேவையில்லாத இடத்தையும் துடைத்துத்
தந்தார்.

இரண்டு விடியல் போய்விட்டது.
கிளுவையில் மழை ஈரம்.
சிலந்தியைக் காணவில்லை.
கார்ட்டில் இன்னமும் ஒரே படம்தான்.
அழிக்க மனம் வரவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தால்
குழியின் விளிம்பில், எச்சில் துளியில்,
லைற்றின் வட்டமும்
அதை இழுத்துப் பிடித்த என் கையும்
இருக்கின்றன,
ஒண்டுக்கு ஒண்டு.