உப்பில்லாத கல்

காராக்கிலிருந்து கோலப்பிலா போகும் பாதையில்
செம்பனைத் தோட்டத்தின் இடுப்பை அறுத்துச்
சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தோம்.
திங்கள் ஒரு பல், புதன் இரண்டு பல்.
என் மண்வாரியின் வாளிப் பற்கள்.
ஒன்று எண்பத்தைந்து வெள்ளி.
தவுக்கே ஆ கியோங் உடைந்ததை எண்ணிவிட்டு
என் முகத்தையும் எண்ணினார்.

சிவப்பும் சாம்பலுமாய் விரல் தடிமனில் அடுக்கடுக்காய்க் கல்.
மடித்துவைத்த புடவையை
கோபம் வந்து யாரோ கசக்கியதுபோல.

வியாழனன்று பல்கலைக்கழக வேனில் வந்த
டாக்டர் ஃபௌசியா
"ஸ்டாப் டுலு, பாங்!" என்று கத்திக்கொண்டு
வாளிக்கு அடியிலேயே ஓடிவந்தார்.
ஒரு சில்லை எடுத்து நக்கினார்.
நனைந்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்து
என்னிடம் நீட்டினார்.

கசகசா சிந்தியதுபோல் புள்ளிகள்.
ஒவ்வொன்றும் ஓர் உயிராம்.
கண்ணாடியில் எலும்பு கட்டிக்கொண்டு மிதந்ததாம்.
செத்துத் தூறலாய் இறங்கி இறங்கி
ஆழ்கடலுக்குத் தரை போட்டதாம்,
முப்பது கோடி வருஷத்துக்கும் முன்னே.

"கடல் எங்க டாக்டர்?"
பூட்ஸ் காலால் மண்ணைத் தட்டினார்.
இரண்டு நிலம் நெருங்கி வந்ததில்
நடுவிலிருந்த கடல் கீழே போய்விட்டது.
முழுதும் போகவில்லை.
விளிம்பில் சுரண்டுப்பட்டது மேலே நின்றுவிட்டது.

அது எனக்குப் புரிந்தது.
பால்மரம் வெட்டிய நாளில்
வாளிப்பால் ஸ்டோருக்குப் போய்விடும்.
பட்டையில் காய்ந்த கோட்டுப்பால்தான்
மறுநாள் நகத்தோடு வரும்.
கழிவு விலை.
ஆனாலும் மரத்தில் இருந்தது அதுதான்.

ஒரு துண்டு சட்டைப்பைக்குள் போனது.

கல்யாணமான வருஷம்
குவாந்தான் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று
புஷ்பலீலாவிடம் சொல்லியிருந்தேன்.
மகனுக்கே இப்போது லைசென்ஸ் வந்துவிட்டது.

"இந்தா, கடல்."
கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
யாரும் சொல்லித்தராமலே ஒரு நக்கு.
"உப்பில்ல," என்றாள்.

ராத்திரி, மலிவு வீட்டின் சாய்ந்த தரையில்
துள்ளித் துள்ளி வாசல்வரை நடந்துவரும் துணி மிஷினை
இடுப்பால் முட்டிப் பின்னே தள்ளி
ஆடுகிற காலுக்கடியில் கல்லைச் செருகினாள்.
நின்றது.

உள்ளே மட்டும் தண்ணீர்
இப்படியும் அப்படியும்.
கசியும் குழாயிலிருந்து நூலாய் ஒரு நீர்
தரையோடு ஊர்ந்துபோய்க்
கல்லைத் தொட்டது.
சிவப்பு கொஞ்சம் கூடியது.