பெறுநர்

கிருஷ்ணகிரியில், ஸ்டேஷனுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்,
மனு தட்ட நாற்பது.
"உயர்திரு ஆய்வாளர் அவர்கள்" வரைக்கும்
விரல்களே தட்டிவிடும்,
நான் முகம் பார்ப்பதில்லை.

காணாமல் போன ஆடு,
மாங்கூழ் பேக்டரி தராத கூலி,
வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்ட பங்காளி
எல்லாம் என் வழியாகத்தான் ரோட்டைக் கடக்கின்றன.
அரை மணியில் திரும்பி வருவார்கள்:
"ஒரு பண்டல் பேப்பர் கேக்கறாங்க."
எடுத்துக் கொடுப்பேன்.
மாதக் கடைசியில் அதே பண்டல்
பிரிக்காமல் என்னிடமே வரும், பாதி விலைக்கு.
அதையும் வாங்குவேன்.

தம்பி முனவ்வரை
ரவுண்டானாவில் நிறுத்தி
லைசென்ஸ் பார்த்து, இன்ஷூரன்ஸ் பார்த்து,
பெயரையும் பார்த்து
அறைந்த இரவில்
நான் எந்த மனுவும் தட்டவில்லை.
கடை வேண்டுமே.
அவன் இடது காதில் இன்னும்
குக்கர் விசில் மாதிரி ஏதோ.
அந்த ரம்ஜானுக்கும் தூக்குவாளியில்
ஸ்டேஷனுக்குப் பிரியாணி போனது.

நேற்று ஷட்டர் பாதி இறங்கியிருக்க
குனிந்து உள்ளே வந்தாள் ஒருத்தி.
சுடிதார். ஹெல்மெட்டைக் கழற்றியதும்தான் தெரிந்தது,
மா. கோகிலவாணி,
பெயர்ப் பட்டையோடு மட்டுமே பார்த்த முகம்.
பஸ் ஸ்டாண்டில் பூக்கூடைகளை
லத்தியால் தள்ளுகிற அதே கை
என் ஸ்டேப்ளரைத்
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

சொன்னாள். தட்டினேன்.
இரவுப் பணி முடிந்து.
ஓய்வறையில்.
மேற்படி அதிகாரி.
ஓரிடத்தில் நிறுத்தி
"இதெல்லாம் போடணுமாக்கா?" என்றாள்.
எல்லாரும் கேட்பதுதான்.
எல்லாருக்கும் சொல்வதையே சொன்னேன்:
தேதிய மட்டும் சரியாச் சொல்லுங்க.

மேலே பெறுநர் என்று இருந்தது,
பக்கத்தில் கர்சர் துடித்தது.
"யாருக்கும்மா?"
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
உங்கள் நண்பன் என்ற போர்டை மறைத்து
ஒரு சேலம் பஸ் நின்றுகொண்டிருந்தது.
அது போகும்வரை பார்த்தாள்.
போன பிறகும் பார்த்தாள்.
"காலியா விடுங்க."

இரண்டு காப்பி.
காசு வேண்டாம் என்று வாய்வரை வந்தது,
தம்பியின் காது ஞாபகம் வந்தது,
நாற்பத்து நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
சில்லறையை எண்ணித்தான் வைத்தாள்.
எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர்
இங்கே காசு கொடுத்தது
அதுதான் முதல் தடவை.

ஹெல்மெட்டை மாட்டியதும்
பழைய குரல் திரும்பி வந்தது:
"மணி பத்தாகுது, கடையச் சாத்துங்க."

சாத்தினேன்.