இந்தப் பக்கம் மேலே

புது உலர்த்தி வந்த அட்டைப்பெட்டியை
நான் எறியவில்லை.
கத்தியால் நான்கு மூலையும் கீறி
விரித்துப் போட்டேன்,
ஏழாம் எண் இயந்திரத்துக்கும்
சோப்புத்தூள் அலமாரிக்கும் நடுவே.
அதன்மேல் அச்சிட்ட ஓர் அம்பு:
இந்தப் பக்கம் மேலே.

பிராங்க்ஸ். ஜனவரி. இரவு பதினொன்று.
சலவைக்கடையில் என் ஷிஃப்ட்.
பெயர் மிக்டாலியா. வயது முப்பத்தேழு.
இந்த வயதில் பிரேக் டான்ஸா என்று
கேட்க ஆளில்லாத நேரம்.
அதனால்தான் இந்த நேரம்.

முதலில் நின்றே ஆட வேண்டும்.
தரைக்கு அவசரமில்லை, அது எங்கும் போகாது.
வலது கால் குறுக்கே, திரும்ப வா,
இடது கால் குறுக்கே, திரும்ப வா,
யாரையோ வம்புக்கு இழுப்பதுபோல்
கைகள் விரிந்து விரிந்து மூடும்.
பாட்டு வேண்டாம்.
மூன்றாம் எண் இயந்திரத்தில் யாரோ
ஜீன்ஸோடு சில்லறையையும் போட்டிருக்கிறார்கள்:
டக். டக். டட்டக்.

பிறகு குந்து. கை ஊன்று.
விரல்களை விரி.
குளிர் மணிக்கட்டு வரை ஏறும், ஏறட்டும்.
ஆறே எண்ணிக்கை.
கடை வாசலில் கட்டிப்போட்ட நாய்
கம்பத்தைச் சுற்றுவதுபோல்
கால்கள் கையைச் சுற்றி வர வேண்டும்.
ஒன்று, இரண்டு,
மூன்றில் வயிறு கூரையைப் பார்க்கும்,
நான்கு.
ஐந்தில் நான் விழுவேன்.

கால் வரும்போது கை விலக வேண்டும்,
அவ்வளவுதான் சூத்திரம்.
தெரியும்.
ஆனால் பாரம் முழுவதையும் ஒரு கையில் வாங்கி
மறு கையை விடுவது
எனக்கு எங்கும் பழகாதது.
இரண்டு கையாலும் பிடித்தே பழகியவள்:
கூடை, பிள்ளை, பேருந்துக் கம்பி,
எவரிஸ்டோ கிளம்பிய அன்று
அவன் சட்டைக் காலர்.

பனிப்புயல் வந்த வியாழக்கிழமை
பேருந்துகள் நின்றுபோயின.
ஆறு பேர் கடையில் மாட்டிக்கொண்டார்கள்.
மருத்துவமனைச் சீருடையில் ஒருத்தி.
தன் ஒரே கம்பளி சுழல்வதை
டிவி போலப் பார்த்திருந்த ஒருவர்.
ஓட்டல் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு
காம்பியாக்காரன் எப்ரிமா, சைக்கிள் ஹெல்மெட்டோடு.
"இந்த அட்டை எதுக்கு?" என்றாள் சீருடைக்காரி.
"தரை ஒழுகுது" என்றேன்.
அந்தப் பொய்யை வாங்காத பையன் ஒருவன்
உலர்த்திக் கதவில் தட்டத் தொடங்கினான்.

இறங்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
விழுந்தேன், சொன்னேனே.
சோப்பு டப்பா உருண்டுபோய்
எப்ரிமாவின் பூட்ஸில் முட்டியது.
யாரும் கைதட்டவில்லை. சிரிக்கவுமில்லை.
பையன் தட்டுவதை நிறுத்தவுமில்லை.
நிற்காத தாளத்தின் நடுவில்
குப்புறக் கிடப்பது
எழுந்து நிற்பதைவிடக் கூச்சமாக இருந்தது.
எழுந்தேன்.

எப்ரிமா ஹெல்மெட்டைக் கழற்றாமலே
அட்டையில் ஏறினான்.
முழங்கையை இடுப்புக்கு மேலே வயிற்றில் முட்டுக்கொடுத்து,
தலையைத் தரையில் சாய்த்து,
இரண்டு காலையும் காற்றில் விட்டான்.
அப்படியே நின்றான்.
எல்லாம் சுழலும் கடையில்
அவன் ஒருவன் மட்டும் நின்றான்.
பூட்ஸில் ஒட்டிய பனி உருகி
அவன் முகத்திலேயே சொட்டியது.

"முதல்ல மெத்தை,
அப்புறம் அட்டை,
அப்புறம்தான் சிமெண்ட்" என்றான்
முகத்தைத் துடைத்துக்கொண்டே.
"எனக்கு மெத்தைக்கே ஒரு வருஷம்."
அவன் ஃபோன் அடித்தது.
யாருடைய நூடுல்ஸோ ஆறிக்கொண்டிருந்தது.
புயலுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

இது மார்ச்.
மணிக்கட்டில் ஒரு கட்டு,
முட்டியில் கத்தரிக்காய் நிறம்.
அட்டையில் ஒரு வட்டம் தேய்ந்திருக்கிறது,
ஒரு பக்கம் மட்டும் கலைந்து,
நான் விழுந்து விழுந்து அப்பிய இடம்.
அம்பின் முனை அழிந்துவிட்டது.
எது மேலே என்று இனி
அட்டை சொல்லாது.

நேற்று ஐந்து வந்தது.
வந்த வியப்பில்
ஆறை மறந்துவிட்டேன்.